காதர்பேட்டை கார்பன்

கார்பன் சைக்கிள்ல சின்னதா ஒரு சத்தம் வந்தாப் போதும், சுத்தி நிக்கறவங்க எல்லாரும் டாக்டர் ஆயிடறாங்க.

"ஃப்ரேம் போச்சுங்ணா."

முடிஞ்சுது. தொட்டுப் பாக்கறதில்ல, மிதிச்சுப் பாக்கறதில்ல. கார்பன்னு காதுல விழுந்ததுமே தீர்ப்பு. இதே சத்தம் ஒரு பழைய ஹெர்குலஸ்ல வந்திருந்தா, "ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, சரியாப் போயிரும்"னு அனுப்பிருப்பாரு அதே மனுசன்.

போன ஞாயித்துக்கிழமை இப்படி ஒரு தீர்ப்பைக் காதால கேட்டுட்டு வந்த கடுப்புலதான் இதை எழுத உக்காந்தேன். என் சைக்கிளுக்குக்கூட இல்ல, பக்கத்துல நின்ன ஒரு பையன் சைக்கிளுக்கு. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. (எந்தக் கடைன்னு கேக்காதீங்க. நல்ல மனுசன்தான். டயர் நல்லாப் போடுவாரு.)

அந்தப் பையனுக்காகவும், இந்தப் பக்கம் மலிவு விலைக் கார்பன் ஃப்ரேம் வெச்சுகிட்டு முழிக்கற மத்தவங்களுக்காகவும், என் கதையைச் சொல்றேன்.

என்றது மவுண்டன் பைக். 29 இஞ்ச் சக்கரம், முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், பின்னாடி ஒண்ணும் கெடையாது. ஹார்டுடெயில்னு சொல்லுவாங்க. ஃப்ரேம் சீனாக் கார்பன். பேரே இல்லாத ஃப்ரேம். கறுப்பு மேட் ஃபினிஷ், அடியில பொடி எழுத்துல 'டி800'ன்னு ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான் அதோட ஜாதகம். (டி800ன்னா எனக்கு டெர்மினேட்டர் அர்னால்டுதான் ஞாபகத்துக்கு வர்றாரு.)

கோயமுத்தூர்ல ஒரு ஐடி தம்பி ஆசையா வரவழைச்சு, கொஞ்ச நாள் ஓட்டிட்டு, வெளிநாட்டுல வேலை கெடைச்சுக் கெளம்பற அவசரத்துல கழட்டி வித்தது. அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பர்ல நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க இல்லையா, அதுக்கப்புறம் இந்த மாதிரி ஃப்ரேமெல்லாம் கைமாறி கைமாறி வந்தாத்தான் உண்டு. வெறும் ஃப்ரேமா வாங்கி, ஏற்கெனவே இருந்த அலுமினிய சைக்கிள்ல இருந்து சாமானத்தை எல்லாம் கழட்டி இதுல மாட்டிக்கலாம்னு திட்டம்.

அம்மா கேட்டாங்க, எதுக்குடா இதுன்னு.

"எடை கம்மிம்மா. பழைய ஃப்ரேமை விட அரைக் கிலோ கொறையும்."

அம்மா என் மூஞ்சியைப் பாக்கல. வயித்தைப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். பேரில்லாத ஃப்ரேம் விக்கறவங்க எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவாங்க: "பெரிய பிராண்டுக்குப் போடற அதே ஃபேக்டரிதான், இதுல பேரு மட்டும் ஒட்டல."

வேற ஊர்க்காரங்க இதைக் கேட்டு வாயைப் பொளக்கலாம். நான் திருப்பூர்க்காரனுங்க. பனியன் கம்பெனில கியூ.சி. வேலை. இந்தப் பாட்டுக்கு நாங்க மெட்டுப் போட்டவங்க!

ஸ்டேசன்ல எறங்கி காதர்பேட்டைக்குள்ள ஒரு நடை போயிட்டு வாங்க. வெளிநாட்டு பிராண்டு டி-சர்ட்டு, கழுத்து லேபிள் வெட்டி, குமிச்சு வெச்சிருப்பாங்க. "எக்ஸ்போர்ட் சரக்குங்ணா, அதே கம்பெனி"ம்பாங்க. பொய்யான்னா, பொய் இல்ல. அதே துணி, அதே பவர் டேபிள், அதே டைலர் தெச்சதுதான். ஆனா அந்த பீஸு எப்படி இங்க வந்து சேந்துச்சு? ஆர்டருக்கு மேல கூடுதலா வெட்டினதா இருக்கலாம், அது தங்கம். பையர் ஆர்டரை கேன்சல் பண்ணினதா இருக்கலாம், அதுவும் தங்கம். ஷேடு மாறினதா இருக்கலாம். செக்கிங்ல ஓரங்கட்டினதா இருக்கலாம். எல்லாம் ஒரே குமியல்லதான் கெடக்கும். பொறுக்கத் தெரிஞ்சவன் பொழைச்சான்.

இன்னொண்ணும் சொல்றேன். செக்கிங் பாஸ் ஆன சரக்குன்னாலே எல்லாப் பீஸும் சுத்தம்னு அர்த்தம் கெடையாது. ஆயிரம் பீஸ் லாட்டு, ஏக்யூஎல் (எவ்வளவு டிஃபெக்ட் வரைக்கும் ஒத்துக்கலாம்ங்கற அளவு) 2.5ன்னு வைங்க. நாங்க 80 பீஸ் உருவிப் பாப்போம். மேஜர் டிஃபெக்ட் 5 வரைக்கும் இருந்தா லாட் பாஸ், 6 ஆனா ஃபெயில். அப்போ பாஸ் ஆன லாட்டுக்குள்ளயும் ஓட்டை பீஸ் இருக்கத்தான் செய்யும். அது டி-சர்ட்டா இருந்தா வண்டி தொடைச்சுக்கலாம். ஃப்ரேமா இருந்தா?

அதனால என் கணக்கு இதுதான்: பிராண்டுக்காரனுக்கு நாம குடுக்கற கூடுதல் காசுல பாதிக்கு மேல செக்கிங்குக்கும், பின்னாடி ஸ்பேர் கெடைக்கறதுக்கும். பேரில்லாத ஃப்ரேம் வாங்கினா அந்த செக்கிங் டேபிள்ல நாமளே உக்காரணும். உக்காரத் தயார்னா வாங்கலாம். சும்மா மாட்டி ஓட்டணும்னா வேண்டாம்.

அந்த ஐடி தம்பிக்கு ஃப்ரேமோட சர்டிபிகேட்டும் ஒண்ணு அனுப்பிருந்தாங்களாம். ஐஎஸ்ஓ 4210ன்னு பி.டி.எஃப். சைக்கிளுக்கான பாதுகாப்பு டெஸ்ட்டு அது, உண்மையான ஸ்டாண்டர்டுதான். ஆனா அந்தத் தாள்ல எந்த லேப்ல டெஸ்ட் பண்ணினாங்கன்னு இல்ல, எந்த மாடல்னு இல்ல, ரிப்போர்ட் நம்பரும் இல்ல. ஆர்கானிக் காட்டன்னு சொல்லி இப்படி ஒரு தாளை எங்க கம்பெனில கொண்டு வந்து நீட்டினா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சிருவோம்.

'டி800'ம் அப்படித்தான். டி700, டி800 எல்லாம் ஜப்பான் டோரே கம்பெனியோட நூல் ரகம். நூல்னு தெரிஞ்சே சொல்றேன், கார்பன் ஃபைபர் நெசமாவே நூல்தான். லூதியானா ஸ்வெட்டர்ல வர்ற அக்ரிலிக் நூல் இருக்கில்ல, அதுக்குப் பங்காளி. ரெண்டுக்கும் மூலம் பாலிஅக்ரிலோநைட்ரைல். அந்த இழையை மொதல்ல 200, 300 டிகிரில காத்துல வாட்டி, அப்புறம் ஆக்சிஜன் இல்லாம ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டா, மத்ததெல்லாம் போயி கரி மட்டும் மிஞ்சும். முடியை விடப் பத்துப் பங்கு மெல்லிசு. '3கே'ன்னு போட்டிருந்தா ஒரு கத்தைல 3,000 இழை. நாம 30ஸ், 40ஸ்னு கவுண்ட் சொல்ற மாதிரி அவங்க கே சொல்றாங்க. அந்த இழைல பண்ற ஷீட்டுக்கும் ஜிஎஸ்எம்தான் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) கணக்கு. அதை நூத்துக்கணக்கான துண்டா வெட்டி, மோல்டுக்குள்ள திசை பாத்துக் கையால அடுக்கி, எபாக்ஸி ரெசினோட சூட்டுல வேக வெச்சா ஃப்ரேம்.

அந்தத் திசைலதான் இருக்கு எல்லாமே. நேர் வாட்டம் ஒரு அடுக்கு, 45 டிகிரி சாய்வுல ஒரு அடுக்கு. சாய்வு அடுக்குதான் மிதிக்கறப்ப ஃப்ரேம் முறுக்கிக்காம பாத்துக்கும். மேல கட்டம் கட்டமாத் தெரியற நெசவு டிசைன் பெரும்பாலும் அழகுக்கு. அதைப் பாத்து ஏமாந்துறாதீங்க.

பனியன் துணின்னா ஒரு துண்டு வெட்டி எடை போட்டு ஜிஎஸ்எம் சொல்லிருவேன். நூலைப் பத்த வெச்சு மோந்து பாத்தே பாலியஸ்டர் கலந்திருக்கான்னு சொல்லிருவேன். ஃப்ரேமை வெட்டவும் முடியாது, கொளுத்தவும் முடியாது. அப்போ வேற வழில பாக்கணும்.

மொத வழி, காசு. ஒரு ரூவா நாணயத்தை எடுத்து ஃப்ரேம் பூரா மெல்லத் தட்டிகிட்டே போகணும். டிக் டிக் டிக்னு ஒரே மாதிரி கெட்டியாக் கேக்கணும். ஒரு எடத்துல மட்டும் 'தொப்'புன்னு மந்தமா மாறினா, உள்ள அடுக்கு விட்டிருக்கலாம். (ஜாயிண்ட் பக்கம் கனம் கூடும், அங்க சத்தம் மாறத்தான் செய்யும். அதனால எடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுத் தட்டுங்க.) ராத்திரி பத்து மணிக்கு நடு வீட்டுல உக்காந்து தட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் காலைல, "ஏந்தம்பி, ஊட்டுல பூசையா?"ன்னு கேட்டாங்க.

ரெண்டாவது, நூல். இதுக்குத் திருப்பூரை விட்டா வேற ஊரு ஏது? பின் சக்கரம் மாட்டற காதுல ஒரு பக்கம் கட்டி, முன்னாடி ஹெட் டியூபைச் சுத்தி, அடுத்த பக்கக் காதுக்குக் கொண்டு வந்து இழுத்துக் கட்டணும். நடுவுல சீட் டியூபுக்கும் நூலுக்கும் எடைவெளி எவ்வளவுன்னு ரெண்டு பக்கமும் வெர்னியர் வெச்சுப் பாத்தா, ஃப்ரேம் கோணலா நேரான்னு தெரிஞ்சு போகும். தையல் நூலே போதும். நீட்டாத நூலா இருக்கணும். என்றது நேராத்தான் இருந்துச்சு.

மூணாவது, போன்ல மாட்டற எண்டோஸ்கோப் கேமரா. குழாய்க்குள்ள விட்டுப் பாத்தேன். உள்பக்கம் சில எடத்துல சுருக்கம் சுருக்கமா ரெசின் வழிஞ்சிருந்துச்சு. மோல்டுக்குள்ள வெச்ச பிளாடரோட பிளாஸ்டிக் ஒரு கொசுறு அங்கயே ஒட்டிகிட்டுக் கெடந்துச்சு. பாக்க நல்லாத்தான் இல்ல. டி-சர்ட்டைத் திருப்பிப் பாத்தா உள்ள நூல் பிசிறு தொங்கற மாதிரின்னு வைங்க, மைனர் டிஃபெக்ட். பாஸ் போட்டேன்.

இதுக்கு மேலதான் கூத்து.

இந்த ஃப்ரேம்ல கேபிளெல்லாம் குழாய்க்கு உள்ள போகணும். முன்னாடி ஒரு பொத்தல், பின்னாடி ஒரு பொத்தல். நடுவுல வழிகாட்டக் குழாய் எதுவும் கெடையாது (பிராண்டு ஃப்ரேம்ல பல பேரு உள்ளயே குழாய் வெச்சுருப்பாங்க. இங்க செலவு மிச்சம்). கேபிளை உள்ள விட்டா அது பாட்டுக்கு ஊர் சுத்திட்டு, வர வேண்டிய பொத்தலைத் தவிர எல்லா எடத்துக்கும் வருது. ஸ்போக்ஸ் கம்பியை வளைச்சுப் போட்டேன். காந்தம் வெச்சு இழுத்தேன். நாடா கோக்கற ஊசியைக் கட்டி விட்டேன். எதுவும் ஆகல.

யூடியூப்ல வெள்ளைக்காரன் வேக்குவம் கிளீனர் வெச்சு நூலை உறிஞ்சறான். எங்க ஊட்டுல சீமாறுதான்.

அப்புறம்தான் உறைச்சுது. எங்க செக்கிங் செக்சன்லதான் நூல் உறியற மெஷினே நிக்குதே! பீஸு பேக்கிங் போறதுக்கு முன்னாடி, ஒட்டிகிட்டிருக்கற நூல் பிசிறை உறிஞ்சி எடுக்கறதுக்குன்னே இருக்கற மெஷினு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்ட சமயம், ஆர்டர் படுத்துக் கெடந்துச்சு. ஒண்ணரை ஷிஃப்ட் ஓடிகிட்டிருந்த எடத்துல ஒத்த ஷிஃப்ட். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல மெஷின் சும்மா நிக்குது. மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஃப்ரேமைத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

செக்கிங் அக்காங்க ரெண்டு பேரு கெளம்பாம நின்னு வேடிக்கை பாத்தாங்க.

"ஏனுங் தம்பி, இதென்னது?"

"சைக்கிளுங்கக்கா."

"சக்கரம் எங்கீங்?"

"ஊட்டுல இருக்குதுங்கக்கா."

மெஷின் வாயில ஒரு பழைய கோன் அட்டையைச் செருகி, அதைப் பின் பொத்தல்ல வெச்சு, சுத்தி பனியன் வேஸ்ட்டை அமுக்கிக் காத்துப் போகாம அடைச்சேன். ஒரு அக்கா முன் பொத்தல்ல பாலியஸ்டர் நூலை விரல்ல பிடிச்சுகிட்டாங்க. நுனில பட்டாணி அளவு பஞ்சு உருண்டை. சுவிட்சைப் போட்டதும் "சர்ர்"ருன்னு நூல் அவங்க விரலைச் சுட்டுகிட்டே உள்ள ஓடுது. "அய்யோ சாமி"ன்னு கையை உதறினாங்க. அதுக்குள்ள பஞ்சு இந்தப் பக்கம் வந்து அட்டைல ஒட்டிகிச்சு. அப்புறமென்ன, அந்த நூல்ல கனமான நாடா, நாடால கேபிள். அவ்வளவுதான்.

ஓட்டினா உள்ள கேபிள் குழாய்ச் சுவத்துல மோதி 'டொக் டொக்'குன்னு ஒரு சத்தம். இதுக்குன்னு ஃபோம் ஸ்லீவ் விக்கறாங்க. நான் ஹூடிக்குப் போடற நாடாவை வாங்கி மாட்டினேன். அது உள்ள கூடாப் பின்னின குழாய் மாதிரிதானே இருக்கும், கேபிள் மேல ஒறை மாதிரி நல்லா உக்காந்துச்சு. பாலியஸ்டர் நாடாதான் போடணும். காட்டன் போட்டா மழைத் தண்ணியைக் குடிச்சுட்டு ஃப்ரேமுக்குள்ளயே ஊறிக் கெடக்கும். இந்த ஒரு விசயத்துல உலகத்துல எந்த சைக்கிள் கம்பெனிக்கும் நான் சளைச்சவன் இல்ல.

இனி என் சைக்கிள்ல வந்த 'டிக்' சத்தம்.

ஊத்துக்குளிப் பக்கம் இட்டேரில ஓட்டறதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல செம்மண் தடம், இருந்திருந்து ஒரு வெள்வேல மரம். மவுண்டன் பைக்குக்குன்னே நம்ம பாட்டனுங்க போட்டு வெச்ச ரோடு அது. சமதளத்துல சத்தமே இல்ல. மேடு ஏறி அழுத்தி மிதிச்சா மட்டும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'டிக்'. சிவன்மலை ரோடு ஏறினா பூரா டிக் டிக் டிக். கடிகாரத்து மேல உக்காந்து போற மாதிரி.

சத்தம் எங்கிருந்துன்னு கேட்டா, காலுக்கு நடுவுலன்னு காது சொல்லுது. அதை நம்பக்கூடாதுங்க. கார்பன் குழாய் உள்ள கூடு, பின்னாடி மூலைல தட்டினா நடுவுல கேக்கும். அதனால ஒண்ணொண்ணாக் கழிக்கணும். எந்திரிச்சு நின்னு மிதிச்சா சத்தம் போகுதா? போச்சுன்னா சீட்டு, சீட் போஸ்ட். போகலையா? பெடலைக் கழட்டி, மரையைத் தொடைச்சு, கிரீஸ் வெச்சு மாட்டு (எடது பெடலுக்கு மரை தலைகீழ்). செயின்ரிங் போல்ட்டை முறுக்கு. எல்லாம் பண்ணியாச்சு. டிக்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட். ரெண்டு கிராங்கும் சுத்தற அந்த நடு பேரிங். இந்த ஃப்ரேம்ல பிபி92ன்னு ஒரு ரகம். மரையே கெடையாது. 41 மில்லிமீட்டர் பொத்தல்ல பேரிங் கப்பை அடிச்சு எறக்கறதுதான். பொத்தல் ஒரு பொட்டு பெருசா இருந்தாலும், ரெண்டு பக்கப் பொத்தலும் நேர்ல இல்லாட்டியும் கப்பு அசையும், கத்தும். பெரிய பிராண்டு ஃப்ரேம்லயே இது கத்தும். பழைய பாணி மரை வெச்சது எவ்வளவோ தேவலை. அதுக்கு பி.எஸ்.ஏ. மரைன்னு பேரு, நம்மூர்ப் பொண்ணுங்க எல்லாம் ஓட்டின பி.எஸ்.ஏ. லேடிபேர்டுல இருக்கற அதே பேருதான், பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். நூறு வருசமா ஆரும் அதைக் குத்தம் சொன்னதில்ல.

பேரிங் நம்பர் 6805. நிட்டிங் மெஷினுக்குப் பேரிங் விக்கற கடைக்குப் போனேன்.

"எந்த மெஷினுக்குங்க?"

"சைக்கிளுக்குங்க."

கண்ணாடியைக் கழட்டிட்டு என்னை ஒரு பார்வை. "சைக்கிளுக்குக் குண்டுதானுங்களே போடுவாங்க?"

இருந்தாலும் எடுத்துக் குடுத்தாரு. பழைய பேரிங் உள்ள செம்மண் குழம்பு வெச்சிருந்துச்சு, மாத்த வேண்டியதுதான். கரகரப்புப் போச்சு. டிக் போகல.

இந்த நேரத்துலதான் ஆளாளுக்கு வைத்தியம். சாயப்பட்டறைக்கு எஃப்ஆர்பி டேங்க் போடற அண்ணன் ஒருத்தர், எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவரு, பாசமாச் சொன்னாரு: "அட நீங்க கொண்டாங்க, சந்தேகமா இருக்கற எடத்துல ஃபைபர் மேட்டைச் சுத்தி ரெசின் அடிச்சு உட்டர்றேன். டேங்கே பத்து வருசம் நிக்குது, சைக்கிள் நிக்காதா?" அவரு வேலைல அவரு கெட்டிக்காரரு. ஆனா டேங்குக்குப் போடறது கண்ணாடி இழையும் பாலியஸ்டர் வகை ரெசினும். ஃப்ரேம் எபாக்ஸி. வெந்து காஞ்ச எபாக்ஸி மேல பாலியஸ்டர் ரெசின் சரியா ஒட்டாது, மேல பேண்டேஜ் மாதிரி நிக்கும். அதோட ஒடையாத எடத்துக்கு எதுக்குக் கட்டு?

ஒடைஞ்சிருக்கான்னு மறுபடி காசு தட்டினேன். சுத்தம். சத்தம் பழைய மாதிரியேதான்.

கடைசில ஒரு சாயங்காலம் பின் சக்கரத்தைக் கழட்டிட்டு, மண்ணைத் தொடைச்சுகிட்டிருந்தேன். வெள்ளைப் பனியன் வேஸ்ட்டு. நல்ல பிளீச் பண்ணின துணி. வலது பக்கம் கியர் மாட்டற ஹேங்கர் ஓரமாத் தொடைச்சப்போ துணில ஒரு கறுப்புக் கோடு விழுந்துச்சு. மெல்லிசா, பென்சில்ல இழுத்த மாதிரி. எண்ணெய்க் கறை மஞ்சப் பாரிச்சுப் பரவும். இது பரவல. விரல்ல தேச்சா மாவு.

கறை பாக்கறதுதானுங்க என் பொழப்பே. அலுமினியம் ஒராஞ்சா வர்ற கறுப்பு மாவு அது.

ஹேங்கரைக் கழட்டினேன். ஃப்ரேம்ல அது உக்கார்ற எடத்துல பெயிண்டு ஓரத்துல மேடு கட்டி நிக்குது. ஹேங்கரோட பின்பக்கம் ஒரே ஒரு மூலை மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு, மீதி எல்லாம் புதுசா மங்கலா இருக்கு. அந்த ஒத்தை மூலைல நின்னுகிட்டு, ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டிருக்கு. அதுதான் டிக்! கார்பனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பெயிண்டு அடிச்சவன் மூடாம விட்ட ஒரு நகக்கண் அளவு எடம்.

மாஸ்க் போட்டுகிட்டு (கார்பன் தூசு மூக்குக்குள்ள போகக்கூடாது), 400 நம்பர் தாளைத் தண்ணில நனைச்சு, பெயிண்டு மேட்டை மட்டும் தேச்சு எறக்கினேன். கறுப்பு இழை எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடணும். லேசா கிரீஸ், போல்ட்டுல நீல லாக்டைட் ஒரு சொட்டு. மறுநாள் சிவன்மலை ஏறினேன். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு, அது வேற வியாதி.

இதுல இருந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சு போச்சு. மலிவு ஃப்ரேம்ல கார்பன் தகராறு பண்றது அபூர்வம். கார்பனும் உலோகமும் கைகுலுக்கற எடத்துலதான் எல்லாத் தகராறும். பேரிங் பொத்தல், ஹேங்கர், பிரேக் காலிப்பர் உக்கார்ற முகம் (அங்கயும் பெயிண்டு, அங்கயும் தேய்ப்பு), சீட் போஸ்ட்.

சீட் போஸ்ட் கதையைச் சுருக்கமாச் சொல்றேன். 31.6 போஸ்ட்டு, பொத்தல் கொஞ்சம் தாராளம். உக்காந்தா மெல்ல எறங்குது. நம்மூர் மருந்து என்ன, நல்லா முறுக்கு. அதை மட்டும் பண்ணிறாதீங்க. அந்தக் கிளாம்புக்கு 5 நியூட்டன் மீட்டர்தான் அளவு. அதுக்கு மேல எலன் கீயைத் தொங்கி முறுக்கினா சீட் டியூப் வாய் நொறுங்கும். கார்பனை இழுக்கலாம், முறுக்கலாம், தாங்கும். ஒரே எடத்துல நசுக்கினாத்தான் செத்துப் போகும். அதுக்குன்னு கார்பன் பேஸ்ட் இருக்கு, பொடிப் பொடிப் பருக்கை கலந்த ஜெல்லு, தடவினா கம்மி முறுக்குலயே கவ்விப் பிடிக்கும். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வெச்சாப் போதும்னு ஒருத்தர் சொன்னாரு. அது அரைக்கறதுக்கு உள்ளது சாமி, ஃப்ரேமையே அரைச்சிரும். அலுமினியப் போஸ்ட்டு வெச்சிருக்கறவங்க அப்பப்போ உருவித் தொடைங்க. வேர்வை எறங்கினா கார்பன் பக்கத்துல இருக்கற அலுமினியம் அரிச்சுப் போயி அப்படியே பிடிச்சுக்கும். சித்திரை வெயில்ல நம்மூர்ல வேர்வைக்கா பஞ்சம்?

இப்போ ஹேங்கருக்கே மறுபடி வர்றேன், ஏன்னா அதுதான் பேரில்லாத ஃப்ரேமோட உயிர்நிலை.

ஹேங்கர்ங்கறது வேணும்னே மெதுவான அலுமினியத்துல பண்றது. வண்டி வலது பக்கம் சாஞ்சாலோ, கியருக்குள்ள குச்சி சிக்கினாலோ அது வளையணும், இல்ல ஒடையணும். அது தப்பிச்சா ஃப்ரேம் ஒடையும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வடிவத்துல பண்ணித் தொலைச்சதால, 2019ல ஸ்ராம் கம்பெனி யூ.டி.எச்.னு எல்லா ஃப்ரேமுக்கும் பொதுவா ஒண்ணு கொண்டு வந்தாங்க. என் ஃப்ரேம் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. இட்டேரில கிளுவைக் குச்சி ஒண்ணு உள்ள போயி என்றது வளைஞ்சுது. ஸ்பேர் எங்க தேட? பேரே இல்லாத ஃப்ரேமுக்கு எந்தப் பேரைச் சொல்லிக் கேக்கறது? சிவன்மலைக் கோயில்ல, சாமி பக்தர் கனவுல சொன்ன பொருளை வெக்கற உத்தரவுப் பெட்டி இருக்கில்ல, அதுல ஒரு ஹேங்கர் வைக்கச் சொல்லி ஆருக்காச்சும் கனவு வந்தாத்தான் உண்டுன்னு நெனைச்சேன்.

கடைசில நம்ம லேத் பட்டறை. மில்லிங் மெஷினும் வெச்சிருக்காரு. வளைஞ்சதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது பண்ணிரலாமுங். ஆனா இந்த அலுமினியம் எல்லாம் ஆவாதுங். நல்ல ஸ்டீல்ல அடிச்சுத் தர்றேன், உங்க பேரன் காலத்துக்கும் வளையாது"ன்னாரு.

வளையணுங்கண்ணா, அதுக்குத்தான் இதுன்னேன்.

"வளையறதுக்குன்னே ஒரு சாமானா?"

"ஆமாங்ணா. இது வளைஞ்சாத்தான் ஃப்ரேம் பொழைக்கும்."

அவரு பொறியியல் மனசுக்கு அது ஒத்துக்கவே இல்ல. ரெண்டு டீ ஆச்சு. அப்புறம் வீட்டு ஃப்யூஸ் கம்பியைக் காட்டி, இதுக்குப் பதிலா ஆணியை வெப்பீங்களான்னு கேட்டதுக்கு அப்புறம்தான் 6061 அலுமினியப் பட்டையை எடுத்தாரு. போல்ட் பொத்தல் தூரத்தை வெர்னியர்ல மூணு தடவை அளந்து, ஓரத்தைக் கையால அரம் போட்டு, ஒரிஜினலை விட அம்சமாப் பண்ணிக் குடுத்தாரு. பின்பக்கம் பூராவும் சமதளமா, எல்லா மூலையும் ஒட்டி உக்கார்ற மாதிரி. பெயிண்டுக்காரன் கவனிக்க.

வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: மரை வெச்ச பாட்டம் பிராக்கெட், யூ.டி.எச். ஹேங்கர், கேபிளுக்கு உள்குழாய், இந்த மூணும் இருந்தா பேரில்லாததா இருந்தாலும் யோசிக்கலாம். மூணுல ஒண்ணுகூட இல்லாத என் மாதிரி ஃப்ரேம்னா விலை பாதிக்குப் பாதி கொறைஞ்சாலும் எட்டி நின்னு பாத்துட்டு வந்துருங்க. பழசு வாங்கறதா இருந்தா விக்கறவன் முன்னாடியே காசைத் தட்டுங்க, வெக்கப்படாதீங்க. பல்லடம் பக்கம் கரிசல்ல மழைக்கு அப்புறம் ஓட்டறவங்க டயர் 2.25க்கு மேல போக வேண்டாம். அந்த மண்ணு அப்பிகிட்டு செயின்ஸ்டே உள்பக்கத்தை அரம் மாதிரி அறுக்கும். அந்த எடத்துல தடிமனான ஒட்டு டேப்பு ஒண்ணு போட்டுருங்க.

அந்தக் கடைல நின்ன தம்பி, இதைப் படிச்சா: உன் சைக்கிளை நானும் பாத்தேன். உன்றதும் பிபி92தான், ஹேங்கர் ஓரத்துல கறுப்பாத்தான் இருந்துச்சு. ஃப்ரேமைத் தூக்கிப் போட்டுறாத. வெள்ளைத் துணி இல்லைன்னா சொல்லு, எங்க கம்பெனில மூட்டை மூட்டையாக் கெடக்குது. லேத் அண்ணன் என் ஹேங்கருக்கு அட்டைல டெம்ப்ளேட் வெட்டி சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்காரு. ரெண்டு போல்ட்டு, அரை வட்ட முகம் இருந்தா உன்றதுக்கும் சேரும். சைக்கிளைக் கொண்டு போக வேண்டாம், பழைய ஹேங்கர் மட்டும் போதும். ஸ்டீல்ல பண்ணித் தர்றேன்னு மறுபடியும் ஆரம்பிப்பாரு, ஒத்துக்காத.